ஊருக்கு மருந்தெழுதிய வைத்தியர்

காளத்தி மலையின் அடிவாரத்தில் வாழ்கின்ற நமக்குக் கண்ணப்ப நாயனாரின் வரலாற்றை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பொன்முகலியாற்றங்கரையில் வேடர் குலத்துத் திண்ணனார் தமது கண்ணையே அகழ்ந்தெடுத்து இறைவனுக்கு அப்பிய கதையைத் தமிழ்ப் பிள்ளைகளும் தெலுங்குப் பிள்ளைகளும் ஒருங்கே கேட்டு வளர்கின்றார்கள். எனினும், சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் கூறும் ஒரு நுட்பத்தை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. இறைவனது திருவிழியில் குருதி வழியக் கண்டதும் திண்ணனார் உடனே தம் கண்ணைத் தொட்டுவிடவில்லை. இத்தீங்கைச் செய்தவர் யாரென்று முதலில் நாற்புறமும் தேடினார். பின்னர் மலைச்சாரலில் ஓடிப் பச்சிலைகளைக் கொணர்ந்து பிழிந்தார். அவை பயன்படாமற் போன பின்னரே, ஊனுக்கு ஊனே மருந்தாகும் என்று முன்னோர் சொன்னது நினைவுக்கு வர, அம்பை எடுத்தார்.

ஆகவே பக்தராகப் போற்றப்படுவதற்கு முன் அவர் ஒரு வைத்தியராகவே நடந்துகொண்டார் எனலாம். நோயின் காரணத்தைத் தேடினார். தெரிந்த மருந்தை இட்டார். அது பலியாதபோது தம்மையே கொடுத்தார். நல்ல மருத்துவர் எவருக்கும் இம்மூன்று படிகளும் உண்டு.

சிற்றூரும் அல்லாமல் பெருநகரும் அல்லாமல் இடைப்பட்ட ஊர்களில் தொழில் புரியும் டாக்டர்களின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். திங்கட்கிழமை ஒரு குழந்தை வயிற்றுப்போக்கோடு வருகிறது. மருந்து கொடுக்கிறார், வியாழக்கிழமை குழந்தை சிரிக்கிறது. தாய் கைகூப்பிச் செல்கிறாள். அடுத்த மாதம் அதே குழந்தை அதே நோயோடு அதே தாயின் இடுப்பில் வருகிறது. அதனோடு அண்டை வீட்டுக் குழந்தைகள் இரண்டும் வருகின்றன. மருந்தில் குறையில்லை, தாயின் அன்பிலும் குறையில்லை. குறை அத்தெருவின் கிணற்றில் இருக்கிறது. கிணற்றருகே தேங்கி நிற்கும் சாக்கடையில் இருக்கிறது. அப்போது டாக்டருக்கு இரண்டு வழிகள் உண்டு. மற்றொரு மருந்துச் சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த நோயாளியை அழைக்கலாம். அல்லது மேல்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு நகரசபைக் கட்டடத்தின் படியேறலாம்.

இரண்டாம் வழியில் சென்றவர்களுள் உலகம் என்றும் நினைப்பவர் இலண்டனில் வாழ்ந்த ஜான் ஸ்நோ என்னும் டாக்டர். 1854-ஆம் ஆண்டு அந்நகரின் ஒரு பகுதியில் வாந்திபேதி பரவி நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அவர் வீடு வீடாகச் சென்று விசாரித்து, இறந்தவர்களிற் பெரும்பாலோர் பிராட் தெருவிலிருந்த ஒரே குழாயின் நீரைப் பருகியவர்கள் எனக் கண்டார். அப்பகுதியின் நிர்வாகக் குழுவினர் முன் நின்று வாதாடினார். மறுநாள் அக்குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. வாந்திபேதியின் கிருமியை ராபர்ட் காக் என்னும் ஜெர்மானியர் இனங்கண்டு உலகுக்குக் காட்டியது அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரே. கிருமியை அறியாத காலத்திலேயே, நோய்க்கு மருந்து வைத்தியசாலையில் மட்டும் இல்லை, ஊராட்சியிலும் உண்டு என்பதை அவர் மெய்ப்பித்தார்.

நமது தமிழகத்திலும் இவ்வழியிற் சென்ற ஒரு டாக்டர் இருந்தார். அவர் காளத்தியில் வாழ்ந்தவர் அல்லர், காவிரிக்கரையில் வாழ்ந்தவர். ஆயினும் அவர் எழுதிய மருந்து நமது ஊருக்கும் வந்து சேர்ந்தது. இன்றும் நம்மிடையே அது இருக்கிறது. அவர்தாம் திருச்சிராப்பள்ளி டாக்டர் தி. சே. சௌ. ராஜன்.

கடல் கடந்த வாழ்வு

ராஜன் அவர்கள் 1880-ஆம் ஆண்டு திருவரங்கத்தில் வைணவ அந்தணர் குடும்பத்திற் பிறந்தவர். திருவரங்கத்திலும் திருச்சியிலும் படித்துவிட்டுச் சென்னை இராயபுரத்திலிருந்த மருத்துவப் பள்ளியில் வைத்தியம் பயின்றார். பின்னர் பிழைப்பை நாடிப் பர்மாவுக்குச் சென்றார். அக்காலத்தில் தமிழர் பலர் கப்பலேறி ரங்கூனுக்குச் சென்றுகொண்டிருந்தனர். கூலி வேலைக்குச் சென்றவர் உண்டு. வணிகத்துக்குச் சென்றவர் உண்டு. எழுத்து வேலைக்கும் வக்கீல் தொழிலுக்கும் சென்றவரும் உண்டு. பிறந்த மண்ணை விட்டு வந்து பிறிதொரு மொழி வழங்கும் ஊரில் அடுப்பு மூட்டுவதன் அருமை நம் வாசகர்களுக்குத் தெரியாததன்று. ராஜனும் அவ்வாறு அடுப்பு மூட்டியவர்களுள் ஒருவரே.

1907-இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றார். கடல் கடந்தவனைச் சாதிக்குப் புறம்பானவன் என்று வைதிகர் ஒதுக்கிவந்த காலம் அது. இலண்டனில் வரகனேரி வ. வே. சு. ஐயரும் சாவர்க்கரும் அவருக்கு நண்பராயினர். 1909-ஆம் ஆண்டு விஜயதசமியை ஒட்டி அங்கிருந்த இந்திய மாணவர்கள் ஒரு விருந்து நடத்தினர். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த காந்தியடிகள் அவ்விருந்துக்குத் தலைமை தாங்க இசைந்திருந்தார். சமையற்கட்டில் ராஜனும் நண்பர்களும் முனைந்திருந்தபோது, மெலிந்த தோற்றமுடைய ஒருவர் வந்து, ஒன்றும் பேசாமல் பாத்திரங்களைக் கழுவுவதிலும் மற்ற வேலைகளிலும் கலந்துகொண்டார். அன்றைய விருந்தின் தலைவரே அவர் என்பது பின்னர்த்தான் அவர்களுக்குத் தெரிந்தது. தலைவர் என்பவர் கழுவவேண்டிய பாத்திரத்தைக் கழுவத் தயங்காதவர் என்னும் பாடத்தை ராஜன் இலண்டன் மாநகரில் கற்றார். அரசியல் தலைவர்களுக்கு மட்டுமன்றி, நகரசபை அங்கத்தினர்களுக்கும் அது நல்ல பாடம் என்பது நமது கருத்து.

வைத்தியசாலையும் வீதியும்

தாயகம் திரும்பிய ராஜன் திருவரங்கத்திலும் திருச்சியிலும் தொழில் நடத்தினார். திருச்சியில் அவர் பெயரால் வழங்கிய மருத்துவமனை அவ்வட்டாரத்தில் நற்பெயர் பெற்றது. அமைதியாகப் பொருளீட்டி வாழ்ந்திருக்க அவருக்கு எத்தடையும் இல்லை. ஆனால் 1919-இல் ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடு கிளர்ந்தெழுந்தபோது அவரும் அக்கிளர்ச்சியில் இறங்கினார். தமிழ்நாடு காங்கிரசின் பொறுப்புகளை ஏற்று உழைத்தார்.

1930-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 13-ஆம் நாள், ராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் வேதாரணியத்துக்கு உப்பெடுக்கப் புறப்பட்டார்கள். அவர்கள் புறப்பட்ட இடம் கோயிலன்று, மைதானமன்று; திருச்சிக் கண்டோன்மெண்டிலிருந்த டாக்டர் ராஜனின் இல்லமே. தொண்டர்களுக்குச் சோறிடுவோரும் இடந்தருவோரும் தண்டிக்கப்படுவர் எனத் தஞ்சைக் கலெக்டர் தார்ன் அறிவித்தார். ஊர் மக்களோ சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுத் தொண்டர்களின் பசியாற்றினர். சோறிட்டவனுக்கே தண்டனை என்றால், தன் வீட்டு வாயிலிலிருந்து படையையே புறப்படவிட்டவருக்கு என்ன கிடைக்கும் என்பதை ராஜன் அறியாதவரல்லர். அவ்வியக்கத்தில் அவரும் சிறை சென்றார். நோயாளிகள் காத்திருக்கும் டாக்டருக்குச் சிறைவாசம் என்பது உடலுக்கு மட்டும் நேரும் துன்பமன்று. பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த தொழிலையே பணயம் வைப்பதாகும்.

பின்னர் ஹரிஜன சேவையில் அவர் முனைந்தார். இதனை வைத்தியத்தினின்று வேறானதொரு பணி என்று நாம் கருதவேண்டுவதில்லை. ஊர்க் கிணற்றில் ஒரு சாராருக்கு நீரெடுக்க உரிமையில்லை என்றால், அவர்கள் குட்டையிலும் வாய்க்காலிலும் மொண்டு குடிப்பார்கள். அங்கே நோய் பிறக்கும். பிறந்த நோய்க்குத் தீண்டாமை தெரியாது. அது மேலைத் தெருவுக்கும் வரும். தீண்டாமை அறத்துக்கு மட்டுமன்றி ஆரோக்கியத்துக்கும் பகை என்பதை ஒரு டாக்டரைக் காட்டிலும் நன்கறிந்தவர் யார்?

நகர அரசியலில் அவருக்கு எப்போதும் வெற்றியே கிட்டியது என்று நாம் கூறமாட்டோம். 1936-இல் திருச்சி நகரசபைத் தலைவர் தேர்தலை ஒட்டிக் காங்கிரசுக்குள்ளேயே பெரும் பிணக்கு மூண்டது. ராஜனும் அப்பிணக்கில் அகப்பட்டு மனத்தாங்கலுக்கு ஆளானார். நகரசபைக் காரியம் என்பது சிறிய காரியம் போலத் தோன்றும். ஆனால் பெரிய மனிதர்களையும் தடுக்கிவிடும் படி அது. ஊர்ப்பணியில் இறங்குவோர் இதனையும் அறிந்தே இறங்கவேண்டும்.

1939-ஆம் ஆண்டுச் சட்டம்

1937-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ராஜாஜி சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானபோது, டாக்டர் ராஜன் பொதுச் சுகாதாரத்துக்கும் அறநிலையங்களுக்கும் அமைச்சரானார். 1939 அக்டோபரில் அமைச்சரவை பதவி துறந்தது. ஆக, அவருக்குக் கிடைத்த காலம் இரண்டாண்டுகளுக்குச் சற்று மேல். தாம் படித்த இராயபுரம் பள்ளி 1938-இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாக உயர்ந்ததையும் அக்காலத்தில் அவர் கண்டார். ஆயினும் அவர் அமைச்சராயிருந்தபோது நிறைவேறிய காரியங்களுள் தலையாயது 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டமே. இந்தியாவில் இத்துறையில் முழுமையாக அமைந்த முதற் சட்டம் அதுவே என்பர்.

சட்டம் என்றவுடன் வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். அச்சட்டத்தின் அத்தியாயங்களைப் படித்தால், ஒரு சிறு நகரத்து டாக்டரின் அன்றாட அனுபவமே வரிசையாகத் தெரியும். முதலில் குடிநீர், அடுத்துச் சாக்கடை, அதனையடுத்துக் கழிப்பிடம். பின்னர் தொற்றுநோய், தாய் சேய் நலம், கொசு ஒழிப்பு, சத்திரங்களும் விடுதிகளும், உணவுப் பண்டங்களின் தூய்மை. இறுதிப் பகுதியில் சந்தைகளும் திருவிழாக்களும். காலையில் வைத்தியசாலைக்கு வரும் நோயாளிகளைக் காரணப்படி வகுத்து நிறுத்தினால், இதே வரிசையில் தானே அவர்கள் நிற்பார்கள்!

நல்லெண்ணத்தால் மட்டும் சாக்கடை ஓடாது, பணம் வேண்டும். இதனை உணர்ந்தே அச்சட்டம், நகரசபைகள் சர்க்கார் மானியம் நீங்கலான தம் வருமானத்தில் நூற்றுக்கு 30-க்குக் குறையாமல் பொதுச் சுகாதாரத்துக்கு ஒதுக்கவேண்டும் என விதித்தது. ஜில்லா போர்டுகளுக்கு அவ்விகிதம் நூற்றுக்கு 12½. மேளதாளத்தோடு திறக்கும் அலங்கார வளைவுக்குப் பணம் கிடைக்கும். மண்ணுக்கடியில் மறைந்து கிடக்கும் குழாய்க்குக் கிடைக்காது. ஆகையால் குழாயின் பங்கை முதலில் எடுத்துவைத்துவிட்டு மற்றதைப் பார் என்பதே இவ்விதியின் உட்கருத்து.

நோயை மறைப்பது நம் நாட்டில் நெடுநாளைய வழக்கம். வீட்டில் அம்மை கண்டால் வெளியிற் சொல்லமாட்டார்கள். விடுதியில் ஒருவர் வாந்திபேதியால் விழுந்தால், வியாபாரம் கெடுமே என்று விடுதிக்காரர் இரவோடிரவாக அவரை வெளியேற்றிவிடுவார். எனவே தொற்றுநோயை அறிவிக்கும் கடமையைச் சட்டம் டாக்டரின் தலையில் மட்டும் சுமத்தவில்லை. விடுதி நடத்துவோருக்கும், ஏன், குடும்பத் தலைவருக்குமே அதனை விதித்தது. நோயுண்டாக்கும் எனச் சந்தேகப்படும் நீர்நிலையைப் பயன்படுத்தாதபடி தடுக்கவும் அதிகாரிகளுக்கு உரிமை தந்தது. பிராட் தெருக் குழாயின் கைப்பிடியைக் கழற்ற ஜான் ஸ்நோ ஒருவர் வாதாட வேண்டியிருந்தது; நமது மாகாணத்திலோ அவ்வுரிமை சட்டத்திலேயே எழுதப்பட்டது.

திருவிழாக்களைப் பற்றிய பகுதி நம்மை நேரே தொடுவது. வைகுண்ட ஏகாதசியன்று ஊர் நிறையும் திருவரங்கத்திற் பிறந்தவர் அமைச்சராயிருக்கையில் இப்பகுதி சட்டத்தில் இடம்பெற்றது பொருத்தமே. இலட்சக்கணக்கானோர் ஓரிடத்தில் கூடி, ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, அந்நீரையே குடித்து, அக்கரையிலேயே காலைக்கடன் கழித்து, பின்னர் நூறு ஊர்களுக்குப் பிரிந்து செல்வார்களாயின், ஓர் ஊரில் தோன்றிய நோய் நூறு ஊர்களுக்குப் பயணச்சீட்டில்லாமல் சென்றுவிடும். முற்காலத்தில் வாந்திபேதி யாத்திரிகர் சென்ற வழியே சென்றது இதனாலேதான். ஆகவே திருவிழாக் கூட்டத்துக்கு நீர், கழிப்பிடம், துப்புரவு, சிகிச்சை ஆகிய ஏற்பாடுகளைச் செய்வது பொறுப்பான சபையின் கடமை எனச் சட்டம் வகுத்தது. மகாசிவராத்திரியின்போது நமது ஊரில் திரளும் கூட்டத்தையும், ஆண்டு முழுதும் திருப்பதிக்குச் செல்லும் வழியில் இங்கு இறங்கும் யாத்திரிகரையும் நினைத்தால், இவ்விதி நமக்காகவே எழுதியது போலத் தோன்றும்.

அதே 1939-இல், ஜூலை மாதம் 8-ஆம் நாள், மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஹரிஜன அன்பர்கள் வைத்தியநாத ஐயரோடு சென்று வழிபட்டனர். அவ்வாண்டே ஆலயப் பிரவேசத்துக்குச் சட்டப் பாதுகாப்பும் பிறந்தது. அறநிலையங்களுக்கு அமைச்சர் அப்போது ராஜன் அவர்களே. கிணற்றைத் திறக்கப் பாடுபட்டவர் அமைச்சராயிருக்கையில் கோயிற் கதவும் திறந்தது.

சட்டம் நம்முடன் வந்தது

நாடு விடுதலை பெற்ற காலத்திலும் ராஜன் சென்னை அமைச்சரவையில் மீண்டும் இடம்பெற்று, பஞ்சமும் பங்கீடும் மிகுந்த அந்நாளில் உணவுத் துறையின் சுமையைத் தாங்கினார். தமது வாழ்க்கையை ‘நினைவு அலைகள்’ என்னும் பெயரால் இனிய தமிழில் எழுதிவைத்தார். 1953-ஆம் ஆண்டு காலமானார்.

அதே 1953-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் உதயமாயிற்று. சித்தூர் ஜில்லாவும், அதிலிருந்த நமது காளத்தியும் சென்னையினின்று பிரிந்து அம்மாநிலத்தில் அமைந்தன. 1960-இல் திருத்தணி தமிழ்நாட்டுக்குத் திரும்பியது; காளத்தி இங்கேயே நின்றது. 2022 ஏப்ரலில் புதிய திருப்பதி மாவட்டத்தில் நமது ஊர் சேர்ந்தது. எல்லைக்கோடுகள் இவ்வாறு மாறி மாறி விழுந்தன. ஆனால் 1939-ஆம் ஆண்டுச் சட்டம் எல்லையிற் கழன்று விழவில்லை. தமிழ்நாட்டில் ஒரு பெயரோடும் ஆந்திரப் பகுதியில் மற்றொரு பெயரோடும் இருபுறமும் அது தொடர்ந்தது. 2020-ஆம் ஆண்டு கொரோனா நோய் பரவியபோது, தமிழ்நாடு அரசு தன் கட்டுப்பாடுகளுக்கு இச்சட்டத்தையும் துணைக்கொண்டது. முகக்கவசம் அணியாதோருக்கு அபராதம் விதிக்கவும் இச்சட்டத்தையே திருத்தியது. எண்பது ஆண்டுகளுக்கு முன் எழுதிய மருந்துச் சீட்டைக் காட்டி, அன்று மருந்து வாங்கினோம்.

நமது பங்கு

இனி நம்மைப் பற்றிச் சில சொற்கள். தமிழகத்திலிருந்து இவ்வட்டாரத்துக்கு வந்து குடியேறிய குடும்பங்கள் நம்முடையவை. பொங்கலுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் நாம் ஒன்று கூடுகின்றோம். பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து மறந்துபோகாதிருக்க வகை தேடுகின்றோம். இவையெல்லாம் போற்றத்தக்கனவே. ஆனால் நமது தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டால் நாம் செய்வது என்ன? “நம்ம ஊரா இது? நமக்கேன் வம்பு?” என்று சொல்லிக்கொண்டு மூக்கைப் பொத்தியவாறு கடந்து செல்கின்றோம். நமது வார்டின் அங்கத்தினர் யாரென்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் தயங்காமல் விடை சொல்வோம்? இக்கேள்வியை எழுதும்போது நாமும் சற்றுத் தயங்கினோம் என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

கொசுவுக்குத் தமிழ் வீடு, தெலுங்கு வீடு என்ற பேதம் கிடையாது. வாடகை வீட்டிலிருப்பவனைக் கடிக்கக்கூடாது என்ற நியாயமும் அதற்கில்லை. எவ்வூரின் நீரைக் குடிக்கின்றோமோ அவ்வூரின் நலத்தில் நமக்குப் பங்குண்டு. எவ்வூரில் வரி செலுத்துகின்றோமோ அவ்வூரில் நமக்குக் குரலுமுண்டு. ரங்கூனிலும் இலண்டனிலும் அயலாராக வாழ்ந்த ராஜன், திரும்பி வந்து தம் ஊரைச் சீர்செய்ய முற்பட்டார். நம்மில் பலர் திரும்பிச் செல்லப்போவதில்லை. நம் பிள்ளைகளுக்கு இதுவே சொந்த ஊர். அவ்வளவே வேறுபாடு.

செய்யவேண்டியவை பெரியனவல்ல. தெருக்குழாயில் கலங்கிய நீர் வந்தால் ஒருவராய் முணுமுணுக்காமல் பத்துப் பேராய்த் தெலுங்கு நண்பர்களோடு சேர்ந்து மனுக் கொடுக்கலாம். வீட்டில் காய்ச்சல் தொடர்ந்தால் மறைக்காமல் சுகாதார ஊழியருக்குச் சொல்லலாம். மொட்டைமாடியிலும் கொல்லையிலும் தேங்கிய நீரை வாரத்துக்கு ஒருமுறை கவிழ்த்துவிடலாம். சிவராத்திரிக்கு நம்மைத் தேடி வரும் உறவினர்க்குக் காய்ச்சி ஆறிய நீர் வைக்கலாம். நமது சங்கக் கூட்டத்துக்கு அவ்வப்போது ஊர் டாக்டர் ஒருவரை அழைத்து, இம்மாதம் எந்நோய் மிகுதி, எத்தெருவில் மிகுதி எனக் கேட்டறியலாம். அவர் அறிந்ததை நகரசபை அறியச் செய்வது நமது வேலையாகட்டும். ஒரு டாக்டரே தனித்து எத்தனை படிகள் ஏறுவார்?

காளத்திநாதர் சந்நிதியில் கண்ணப்பரை வணங்கும்போது, அவர் கண் கொடுத்ததை மட்டும் நினையாமல், முதலில் காரணத்தைத் தேடிப் பச்சிலைக்கு ஓடியதையும் நினைப்போமாக. கண்ணைக் கொடுக்கும்படி நம்மை எவரும் கேட்கவில்லை. நம் தெருவைச் சற்றுக் கண் திறந்து பார்க்குமாறு மட்டுமே கேட்கின்றார்கள்.